ஊத்தி முடிக்கிற வரைக்கும்

அவனுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிய கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். தண்டையார்பேட்டையில் ஒரு பல் டாக்டர். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். கன்னம் பன் மாதிரி உப்பிப் போய், அந்தக் கன்னத்தோடு தினமும் வேலைக்கு வந்துகொண்டிருந்தான். டாக்டர் ஊசி போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து வந்து, "மரத்துப் போச்சா?" என்று கேட்டார். தலையாட்டினான். அவர் இடுக்கியை உள்ளே விட்டு ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். இவன் நாற்காலியின் கையைப் பிடித்தபடி மேலே ஓடும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்து பஞ்சைத் துப்பினான்.

"மரக்கவே இல்ல மாமு."

"அப்ப இன்னாத்துக்குடா தலைய ஆட்ன?"

"வெளிய அத்தினி பேரு குந்திகினு கீறாங்கோ. அவரு வேலைய இன்னாத்துக்கு கெடுக்கணும்?"

எனக்கு வயிறு வலிக்கிற அளவுக்குச் சிரிப்பு. மறுநாள் பவுண்டரி முழுக்கச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். அவனும் வீங்கின கன்னத்தோடு கூடவே சிரித்தான்.

நானும் அவனும் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் பவுண்டரியில் ஜோடி. இரும்பை உருக்கி மணல் அச்சுகளில் ஊற்றும் இடம் அது. பெரிய அச்சுகளுக்குக் கிரேன் இருந்தது. சின்ன அச்சுகளுக்குக் கை லேடில். நீளமான இரும்புத் தண்டு, அதன் நடுவில் ஒரு வளையம், வளையத்தில் ஒரு வாளி, வாளி நிறைய இரும்புக் குழம்பு. தண்டின் இரண்டு முனைகளையும் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு, தரையில் வரிசையாக இருக்கும் அச்சுகளுக்கு நடுவே நடக்க வேண்டும். அவன் முனையில் திருப்புகிற கைப்பிடி இருக்கும். அவன்தான் சாய்த்து ஊற்றுவான். என் முனை வெறும் தண்டு, நான் தாங்குவேன். கல்யாணமான புருஷன் பெண்டாட்டி கூட இவ்வளவு நேரம் எதிரும் புதிருமாக நின்றிருக்க மாட்டார்கள்.

இந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி ஒட்டவில்லை, எல்லோருக்கும் தெரியும். ஊற்றும்போது பொறி பறக்கும். சில சமயம் பூட்ஸுக்குள் விழும். விழுந்தால் கத்தக் கூடாது, காலை உதறக் கூடாது. நீ கத்தினால் மறுமுனையில் இருப்பவன் பதறுவான். அவன் பதறினால் வாளி கவிழும். கவிழ்ந்தால் இரண்டு பேருக்கும் கால் இருக்காது. ஆகவே ஊற்றி முடித்து, லேடிலைக் கீழே வைத்து, அப்புறம்தான் ஐயோ அம்மா எல்லாம். நாங்கள் அத்தனை பேரும் அப்படிப் பழகியவர்கள்தான். ஆனால் கீழே வைத்த மறு நொடி நாங்கள் போடுகிற கூப்பாடு எர்ணாவூர் வரைக்கும் கேட்கும். பூட்ஸைக் கழற்றி எறிந்து, சூப்பர்வைசரின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிவிட்டுத்தான் ஓய்வோம். அவன் கீழே வைத்த பிறகும் பேச மாட்டான். எங்களுக்கும் அவனுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒரு தடவை ஷிப்ட் முடிந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தோம். அவன் வலது பாதத்தின் மேலே கறுப்பாக ஒரு குழி. சுண்டு விரலை வைத்தால் உள்ளே போகும்.

"இன்னாடா இது? எப்ப?"

"தோ, காலைல. மொத அச்சு ஊத்துறப்போ."

அதற்குப் பிறகு ஒரு வரிசை முழுக்க ஊற்றியிருந்தோம். நடுவில் டீ குடித்திருந்தோம். என்னோடு உட்கார்ந்து கிரிக்கெட் பேசியிருந்தான்.

"டீ குடிக்கிறப்பவாவது சொல்றதுக்கின்னா?"

"சொன்னா இன்னா பண்ணிருப்ப? டீய கீழ வெச்சுட்டு டாக்டரான்ட ஓடிருப்ப. சூடா குடிக்க வேணாமா நீ?"

இப்படிப்பட்டவனைத்தான் பனிமலைக்கு அனுப்பினார்கள்.

எங்கள் கம்பெனிக்குப் பொன்விழா வந்தது. கையில் பேஜர் போய் செல்போன் வர ஆரம்பித்திருந்த காலம். புதிதாக வந்திருந்த பர்சனல் ஆபீசர் டில்லியில் வளர்ந்த தமிழர், வாலிபர். கல்லூரி நாளில் மலை ஏறியவராம். பொன்விழாவுக்குப் பட்டிமன்றமும் பாட்டுக் கச்சேரியும் வைப்பதற்குப் பதிலாக, தொழிலாளிகளில் இரண்டு பேரை இமாச்சலத்தில் ஒரு பனிச் சிகரத்துக்கு அழைத்துப் போவோம், செலவு கம்பெனியுடையது என்று நோட்டீஸ் போர்டில் போட்டுவிட்டார். எல்லோரும் படித்துவிட்டுச் சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் மலை என்றால் சாத்தாங்காட்டில் குவிந்து கிடக்கும் பழைய இரும்புதான். அவன் மட்டும் சிரிக்காமல் நின்று படித்தான். நேராகப் போய் அவன் பேரையும் என் பேரையும் கொடுத்துவிட்டு வந்தான்.

"என்னிய கேக்காம எம் பேர எப்பிடிடா குடுத்த?"

"ஒரு வாட்டி குளுருன்னா இன்னான்னு பாத்துட்டு வந்துரலாம் மாமு. எத்தினி நாளு இந்த அனல்லயே வேவறது?"

இதற்கு மேல் அவன் காரணம் சொல்லவில்லை. நான் திட்டிக்கொண்டே சம்மதித்தேன். பீடியை விட வேண்டும் என்று ஆபீசர் சொன்னபோது இன்னொரு முறை திட்டினேன்.

மலைக்கு எங்களை அழைத்துப் போக வேண்டிய கைடு ஒரு நாள் கம்பெனிக்கு வந்தார். குள்ளமான ஆள். வெயிலும் காற்றும் அடித்துக் கன்னம் இரண்டும் வெடித்திருந்தது. கேன்டீனில் எங்களை உட்கார வைத்து இந்தியில் பேசினார். ஆபீசர் தமிழில் சொன்னார். மூச்சு எப்படி விடுவது, தண்ணீர் எவ்வளவு குடிப்பது, தலை வலித்தால் என்ன செய்வது. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு ஒரு ஷூவைக் கழற்றினார். சாக்ஸையும் கழற்றினார். சின்ன விரல்கள் இரண்டு இல்லை. டீ கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த ஆயா கூட வந்து எட்டிப் பார்த்தாள்.

"கால் சில்லுனு இருக்கா, இருக்கட்டும். வலிக்குதா, இருக்கட்டும், அது உயிரோட இருக்குன்னு அர்த்தம். சில்லுன்றதும் வலியும் நின்னு போச்சுன்னா, அந்த எடத்துலயே நின்னு சொல்லணும். வெக்கப்படக் கூடாது. சிகரத்துக்கு இன்னும் நாலு எட்டுதான் பாக்கின்னாலும் சொல்லணும். எல்லாரும் திரும்பிடுவோம். மலை எங்கயும் போகாதுன்றாரு" என்று ஆபீசர் மொழிபெயர்த்தார்.

அவன் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கவனமாகக் கேட்டான். தலையாட்டினான்.

தயார் ஆவது எப்படி? கைடு சொன்னது, மேடு ஏறி இறங்க வேண்டும், முதுகில் சுமையோடு, தினமும். எங்கள் ஊரில் மேட்டுக்கு எங்கே போவது? கடல் ஊரை அரிக்காமல் இருக்கக் கரையெங்கும் கருங்கல் கொட்டி வைத்திருப்பார்கள், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும். ஒவ்வொரு கல்லும் ஒரு பீரோ அளவு. அதில் ஏறி இறங்குவது என்று அவன்தான் முடிவு செய்தான். முதுகில் பையில் பவுண்டரி மணல். காலையில் ஷிப்டுக்கு முன்னால் கல் கல்லாகத் தாவிக்கொண்டே போவோம். ஒரு பக்கம் அலை, இன்னொரு பக்கம் லாரி. மீன் கூடையோடு போகிற பெண்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

"இன்னா நைனா, நண்டு புட்ச்சிகினு கீறியா?"

"இல்லக்கா, இமயமல ஏறிகினு கீறோம்" என்பான் அவன்.

"ஏறு ஏறு. மேல போயி எங்க வூட்டாளு எந்தக் கடைல குந்திகினு கீதுன்னு பாத்து சொல்லு."

ஒரு நாள் பாசியில் வழுக்கி அவன் கால் இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. தானே உருவி எடுத்துக்கொண்டு தொடர்ந்து நடந்தான். நான் ரொம்பப் பின்னால் வந்துகொண்டிருந்தேன், பார்க்கவில்லை. டீக்கடையில் அவன் நின்ற இடத்தில் கேன்வாஸ் ஷூவிலிருந்து சிவப்பாகத் தடம். டீக்கடைக்காரர்தான் முதலில் கண்டார். முழங்காலுக்குக் கீழே தோல் வாழைப்பழம் மாதிரி உரிந்திருந்தது. நான் கத்தினேன். அவன் சர்க்கரை கம்மியாக ஒரு டீ கேட்டான்.

குளிருக்குப் பழக வேண்டுமே, அதற்கும் அவன் வழி கண்டுபிடித்தான். காசிமேட்டில் மீன்பிடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் கம்பெனிகள் உண்டு. அதில் ஒன்றில் வேலை செய்த ஒருவர் எங்களுக்குப் பழக்கம். முன்பு எங்களோடு பவுண்டரியில் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரைப் பிடித்து, ஐஸ் பார் அடுக்கி வைக்கும் அறையில் நின்று பார்க்கிறோம் என்று கேட்டோம். வெளியே கத்திரி வெயில் கொளுத்துகிறது. உள்ளே ஆள் உயரத்துக்கு ஐஸ், சுவரெல்லாம் வெள்ளைப் புகை. காலில் ரப்பர் செருப்பு மட்டும். கொஞ்ச நேரத்தில் எனக்கு உள்ளங்கால் சுட ஆரம்பித்தது, ஆமாம், சுட்டது. அப்புறம் ஊசி ஊசியாகக் குத்தியது. நான் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து வெயிலில் தார் ரோட்டின் மேல் நின்றேன். ஆகா, அந்தச் சுகம். அவன் வரவில்லை. நான் ஒரு சோடா குடித்து முடித்தும் வரவில்லை. ஐஸ் கம்பெனிக்காரர் உள்ளே போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. விரல்களை மடக்க முடியவில்லை.

"யோவ், வாயில்லையா உனுக்கு? கதவு தொறந்துதானே கீது?" என்று அவர் கோபப்பட்டார். "நாங்களே சாக்கு சுத்திகினு உள்ள போவோம். எதுனா ஆனா நான்தான்யா பதில் சொல்லணும்."

"தாவல அண்ணாத்த. கொஞ்ச நேரத்துல ஒண்ணியும் தெரியல. சோக்கா கீது" என்றான்.

அப்புறம் பூட்ஸ் வந்தது. டில்லியிலிருந்து அட்டைப் பெட்டியில், கனமான தோல் பூட்ஸ். எனக்குச் சரியாக இருந்தது. ஆபீசர் அவனைப் பார்த்து, "ஓகேவா? டைட்டா இருந்தா மாத்தி வரவழைக்கலாம், டைம் இருக்கு" என்றார். "ஓகே சார்" என்றான். பழக வேண்டும் என்று வீட்டிலும் அதையே போட்டுக்கொண்டு திரிந்தான். எர்ணாவூர் குடியிருப்பில் அவன் மாடி ஏறி இறங்கும் சத்தத்தில் கீழ் வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்களாம்.

ஒரு சாயங்காலம் அவன் மனைவி என் வீட்டுக்கு வந்தாள். சாத்தாங்காட்டில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறவள். வாய்ச்சாலி. அவன் பேசாததையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அன்றைக்கு உட்காரக்கூட இல்லை.

"ண்ணா, அந்த பூட்ஸு அதுக்கு பத்தல. கட்டவெரலு நகம் கறுத்துப் போயி கீது. கேட்டா ஒண்ணியும் இல்லன்னுது. நீ கேளு."

நான் மறுநாளே கேட்டேன். அவன் சிரித்தான்.

"அது சொம்மா பயப்படும் மாமு. ரெண்டு நாளா அச்சு காய வெக்கிற அடுப்பாண்ட வெச்சேன். தோலு நல்லா எளகிடுச்சு. இப்ப பாரு." எனக்கு முன்னாலேயே போட்டுக்கொண்டு ஓடிக் காட்டினான், குதித்துக் காட்டினான்.

பவுண்டரியில் எல்லோரும் செய்வதுதான் அது. புது பூட்ஸ் கடித்தால் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் போதும். அப்புறம் வேலை செய்கிற சூட்டில் இன்னும் இளகிவிடும். எங்களுக்குத் தோல் என்றால் இளகுவதுதான் தெரியும். குளிரில் அது என்ன ஆகும் என்று எங்களில் யாருக்கும் யோசனை போகவில்லை. நானும் சரி என்று அவளிடம் போய்ச் சொன்னேன். அவளுக்குத் திருப்தி இல்லை.

"அது ஒண்ணியும் சொல்லாதுண்ணா. எம் பொண்ணு பொறந்தப்போ காய்ச்சல்ல குந்திகினு ஆஸ்பத்திரி வராண்டால ஒரு ராத்திரி முழுக்க இருந்துச்சு. டாக்டரு என்னியப் பாக்க வந்து அதப் பாத்துட்டு அட்மிட் பண்ணாரு. அந்த ஆளு கால்ல நின்னாத்தான் எங்க வூட்ல சோறு. பவுண்டரில குந்திகினு ஒரு வேலையும் கெடையாது. நீ கேட்டுகினே இருக்கணும். அது ஒண்ணியும் இல்லன்னாலும் நீ வுடாம கேட்டுகினே இருக்கணும். சரின்னு சொல்லு."

சரி என்று சொன்னேன். அந்த வார்த்தையைக் காப்பாற்றினேன். இதைத் திரும்பத் திரும்ப எனக்கே சொல்லிக்கொள்கிறேன். ஏனென்றால் இன்றைக்கு வரைக்கும் அவன் மேல்தான் எனக்குக் கோபம்.

மலையைப் பற்றி நிறையச் சொல்ல எனக்கு வராது. அங்கே போன முதல் நாளிலிருந்து எனக்குள்ளேயே எல்லாம் மந்தமாகிவிட்டது. எங்கே பார்த்தாலும் வெள்ளை. பேசினால் மூச்சு வாங்கும். சோறு வாய்க்குள் போனால் ருசி தெரியவில்லை. பயம் கூட இல்லை. கூடாரத்தில் படுத்துக்கொண்டு, இப்போது திருவொற்றியூரில் மூன்றாம் ஷிப்ட் சங்கு ஊதியிருக்கும் என்று நினைத்தால், அந்த நினைப்பும் யாருடையதோ மாதிரி இருந்தது. கைடு கீழே ஒரு சரிவில் கயிறு கட்டி நடக்கப் பழக்கினார், பனிக்கோடாலி பிடிக்கப் பழக்கினார். அவன் எல்லாவற்றையும் என்னைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டான். ஆபீசருக்குத் தலைவலி வந்து வாந்தியும் எடுத்ததால் கீழ் முகாமிலேயே தங்கிவிட்டார். மேலே போனது கைடும் நாங்கள் இரண்டு பேரும்தான். ஒரே கயிறு. முன்னால் கைடு, நடுவில் நான், கடைசியில் அவன்.

விடியும் முன்பே கிளம்பினோம். பனி இறுகி இருக்கும்போதே ஏற வேண்டுமாம். கைடு நின்ற இடத்திலெல்லாம் காலைக் காட்டிக் கட்டை விரலைத் தூக்கிக் கேட்பார். நான் தூக்குவேன். பின்னால் அவனும் தூக்குவான். நான் வேறு தமிழில் தனியாகக் கேட்டேன்.

"காலு தெரிதாடா?"

"தெரிது. நட."

"வெரல ஆட்டிப் பாரு."

"ஆட்டிகினுதான் கீறேன். நீ முன்ன பாத்து நட மாமு."

அப்புறம் ஒரு வரப்பு. இரண்டு பக்கமும் பனி சரிந்து கீழே எங்கேயோ போகிறது; நடுவில் நடக்க அச்சுகளுக்கு நடுவே இருக்கும் அளவுக்குத்தான் இடம். அங்கே காற்று ஆளைத் தள்ளியது. அதற்கு முன்னால் கேட்டேன். "கீது மாமு" என்றான். வரப்பைத் தாண்டிக் கேட்டேன். அதே பதில். சூரியன் வந்தது. சிகரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கைடு எங்கள் இரண்டு பேரையும் கட்டிப்பிடித்தார். கம்பெனிக் கொடியைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டோம். அந்தப் போட்டோவில் அவன் வாய் நிறையச் சிரிக்கிறான், பிடுங்கின பல்லின் இடம் கூடத் தெரியும். எனக்கு அங்கே நின்றபோது எந்தச் சந்தோஷமும் வரவில்லை. வேலை முடிந்தது என்று மட்டும் தோன்றியது.

மேல் முகாமுக்குத் திரும்பி வந்து கூடாரத்துக்குள் உட்கார்ந்தான். "மாமு, இந்த பூட்ஸ இஸ்துவுடேன்" என்றான். இழுத்தேன், வரவில்லை. தோல் கல்லாகி இருந்தது. கைடு வந்தார். நாடாவைக் கத்தியால் அறுத்து, பூட்ஸின் நாக்கைக் கிழித்து எடுத்தார். சாக்ஸை உருட்டி எடுத்தார். இரண்டு பாதத்திலும் விரல்கள் மெழுகுவத்தி மாதிரி வெள்ளையாக இருந்தன. கைடு நகத்தால் அதில் ஒன்றைத் தட்டினார். மரத்தைத் தட்டுகிற சத்தம் வந்தது.

"கப் ஸே?" என்றார் கைடு, எப்போதிலிருந்து என்று. இரண்டாவது தடவை கேட்டபோது அழுகிற குரல் வந்துவிட்டது.

அவனுக்கு இந்தி தெரியாது. ஆனால் புரிந்திருந்தது. கையை நீட்டிக் கீழே, நாங்கள் இருட்டில் கிளம்பிய பக்கத்தைக் காட்டினான். வரப்புக்கு ரொம்ப முன்னாலிருந்தே.

நான் அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். "எத்தினி வாட்டி கேட்டேன்? எத்தினி வாட்டிடா கேட்டேன்?"

"கேட்ட மாமு."

"அப்ப?"

"கயித்துல நீ கீற. நான் எதுனா சொன்னா நீ பதறிகினு திரும்புவ. அந்த எடத்துல நீ திரும்பிருந்தா இன்னா ஆவும்?" என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில்தான் பேசினான். "ஊத்தி முடிக்கிற வரைக்கும் இருக்கலாம்னு இருந்தேன்."

அவன் என்ன சொன்னான் என்று கைடு கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. லேடிலைப் பற்றி இந்தியில் எப்படிச் சொல்வது? கயிறு என்பது சொல்வதற்குத்தான், சொன்னால் மூன்று பேரும் சேர்ந்து மெதுவாகத் திரும்பியிருப்போம் என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு ஆபீசரிடம் பிறகு சொன்னாராம். அவர்கள் தொழிலில் அப்படி. எங்கள் தொழிலில் இப்படி. அவன் செய்தது தப்பு என்று எனக்குத் தெரியும். பவுண்டரியில் அதே காரியத்துக்காக அவனைத்தான் எல்லோரும் ஜோடியாகக் கேட்பார்கள் என்பதும் தெரியும்.

கீழே கொண்டு வந்து, ரயிலேற்றி, சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். விரல்கள் வெள்ளையிலிருந்து நீலமாகி, நீலத்திலிருந்து கறுப்பாகின. டாக்டர்கள் உடனே எடுக்கவில்லை. எதுவரைக்கும் செத்திருக்கிறது என்று தெரிய வேண்டுமாம். காத்திருந்தார்கள். பார்க்க வந்தவர்களிடம் அவன் சிகரத்தைப் பற்றியே பேசினான், எவ்வளவு சோக்காக இருந்தது, நீங்களும் ஒரு தபா போய் வாருங்கள் என்று. அவன் மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். அந்த வாய்ச்சாலி ஒரு வார்த்தை பேச மாட்டாள். என்னையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைசியில் பத்து விரலையும் எடுத்தார்கள்.

கம்பெனி அவனைக் கைவிடவில்லை, அதைச் சொல்ல வேண்டும். ஸ்டோர்ஸில் உட்கார்ந்து நட்டு போல்ட் எடுத்துக் கொடுக்கிற வேலையாக மாற்றினார்கள். சம்பளம் பவுண்டரி அளவுக்கு வராது. அவன் மனைவி கூடுதலாக இன்னொரு கடையிலும் கணக்குப் பார்க்கப் போனாள். பர்சனல் ஆபீசர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். எனக்கு வேறு ஜோடி போட்டார்கள், பொறி பறப்பதற்கு முன்னாலேயே ஐயோ என்கிற ஆள். நான் வேலைக்குப் போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன். எனக்கு வருத்தம் வரும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. என் மனைவி, "உன் சிநேகிதனுக்கு இப்பிடி ஆயிருக்கு, கல்லு மாதிரி கீறியே" என்றாள். கல் மாதிரிதான் இருந்தேன். பீடியை மட்டும் மறுபடியும் பிடித்துக்கொண்டேன்.

பிறகு பவுண்டரியையே மூடினார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் போனோம். அவன் மீஞ்சூர்ப் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டதாகக் கேள்வி. நான் போய்ப் பார்க்கவில்லை. அவனைப் பற்றி நினைத்தால் மலையோ சிகரமோ எனக்கு முன்னால் வருவதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறது.

எர்ணாவூரில் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. மனைவி தண்ணீர் லாரி வந்ததென்று குடத்தை எடுத்துக்கொண்டு கீழே போயிருந்தாள். மகள் அடுத்த வீட்டில். அவன் பாயில் படுத்திருந்தான், இடுப்புக்குக் கீழே போர்வை. நான் சுவரில் சாய்ந்து பேப்பர் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"மாமு" என்றான்.

"இன்னாடா?"

நிமிர்ந்து பார்த்தேன். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பாயின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"வலிக்குது மாமு."

பேப்பரைக் கீழே வைத்தேன். "எங்கடா?"

"கட்டவெரலு."

"எந்தக் கால்ல?"

"சோத்தாங்கால்ல. யாரோ நகத்தாண்ட புட்ச்சி முறுக்குற மாதிரி கீது. தாங்க முடியல மாமு. ரொம்ப நாளா கீது. வூட்ல அதாண்ட சொல்லல, பயந்துக்கும். இல்லாத வெரலு வலிக்குதுன்னா யாரு நம்புவா?"

விளையாடுகிறானோ என்று அவன் முகத்தைப் பார்த்தேன். இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் நகர்ந்து போய் அவன் காலடியில் உட்கார்ந்தேன். போர்வையை விலக்கினேன். பாதம் இருந்தது, விரல்கள் தொடங்குகிற இடம் வரைக்கும், தையல் போட்ட இடம் சிவந்து. அதற்கு அப்புறம் பாய்தான் இருந்தது. எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கட்டை விரல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் கையை வைத்து, அது இருப்பது போலவே மெதுவாக அமுக்கிவிட ஆரம்பித்தேன்.

"இங்கயாடா?"

"இன்னும் கொஞ்சம் முன்னால மாமு" என்றான்.

நான் கையை முன்னால் நகர்த்தினேன்.